பிடுங்கிய பிறகு

2020 நவம்பரில், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரைக்கு அருகிலுள்ள ஆவளப் பாண்டி திடீரென்று ஊடகங்களில் அடிபட்டது. வயல்களுக்கு நடுவே ஓடும் கால்வாய், கண்ணுக்கெட்டிய தூரம்வரை இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. கொரோனா அச்சத்தையும் மீறி மக்கள் குடும்பம் குடும்பமாகத் திரண்டு வந்தார்கள். கரையில் நின்று படம் எடுத்தவர்களில் சிலர், குனிந்து ஒரு கொத்தைப் பறித்து வீட்டுக்கும் கொண்டுபோனார்கள்.

பூத்திருந்தது கபோம்பா. மீன்தொட்டி அலங்காரத்துக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து உலகமெங்கும் பயணித்த நீர்ச்செடி. கணுவோடு கூடிய ஒரு துண்டுத் தண்டு தண்ணீரில் விழுந்தால் போதும், தனிச்செடியாகிவிடும். ஆசையாக எடுத்துப்போன கொத்து, அழகு குறைந்த பிறகு எங்கே போகும்? தெருச் சாக்கடைக்கு, வாய்க்காலுக்கு, அடுத்த ஊர்க் குளத்துக்கு. தாவரவியலாளர்கள் அப்போது எச்சரித்தது இதைத்தான்.

வேண்டாத செடியைப் பிடுங்குவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. பிடுங்கியதை என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. மதில் சுவருக்கு அந்தப்பக்கம் வீசுகிறோம், ஓடைக்கரையில் கொட்டுகிறோம், குப்பை வண்டியில் ஏற்றிவிட்டுக் கை கழுவுகிறோம். ஆக்கிரமிப்புச் செடிகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தொகுத்த, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் ஆகாயத்தாமரை இருக்கிறது. உண்ணிச்செடி இருக்கிறது. ஜப்பானிய நாட்வீட் இருக்கிறது. நம் ஊர்ச் சாலை நடுத்திட்டுகளில் மஞ்சள் பூவோடு படர்ந்திருக்கும் வெடேலியாவும், மீன்தொட்டியிலிருந்து கடலுக்குப் போன கௌலெர்பா பாசியும் இருக்கின்றன. இந்த ஐந்தும் ஒரு காலத்தில் யாரோ ஆசைப்பட்டு வளர்த்தவை.

பாட்டி சொல்லும் கதையில் ராட்சசனை எத்தனை முறை வெட்டினாலும் சாகமாட்டான். அவன் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும். கிளி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கே வெற்றி. செடியை அப்புறப்படுத்தும் கலையும் இதுதான். சில செடிகளுக்கு உயிர் மண்ணுக்கடியில் இருக்கும் தண்டில்; சிலவற்றுக்குக் கணுவில்; சிலவற்றுக்கு இலை விளிம்பில்; சிலவற்றுக்கு விதையில். அந்த இடம் தெரியாமல் செய்கிற எல்லா வேலையும், செடிக்குப் புது ஊர் காட்டும் வேலையாகவே முடியும்.

ஒரே செடி, ஒரு நாடு முழுக்க

நாகசாகியில் டச்சு வணிகர்களின் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் பிலிப் ஃபான் சீபோல்ட், ஜப்பானியச் செடிகள் பலவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர். நெதர்லாந்தின் லைடன் நகரில் அவர் நடத்திய நாற்றங்காலிலிருந்து விற்பனைக்கு வந்தவற்றில் ஒன்று நாட்வீட். 1847-இல் உட்ரெக்ட் நகரின் வேளாண், தோட்டக்கலைச் சங்கம் அதை அந்த ஆண்டின் சிறந்த புது அலங்காரச் செடியாகத் தேர்ந்து தங்கப்பதக்கம் கொடுத்தது. 1850-இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு ஒரு செடி போய்ச் சேர்ந்தது.

ஜப்பானில் எரிமலைச் சரிவுகளில் முதலில் முளைக்கும் முரட்டுச்செடி இது. குளிர்காலத்தில் மேலே உள்ளதெல்லாம் காய்ந்துவிடும். வசந்தத்தில் மூங்கில் போன்ற தண்டுகள் ஆளுயரத்துக்கு மேல் எழும்பும். பிரிட்டனில் பரவியிருக்கும் ஜப்பானிய நாட்வீட்டின் மரபணுக்களை ஆராய்ந்த லெஸ்டர் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் வியப்பான ஓர் உண்மையைக் கண்டார்கள். அத்தனையும் பெண் செடிகள். அதுவும் ஒரே செடியின் நகல்கள். மகரந்தம் தர அதே இனத்தின் ஆண் செடி அங்கே இல்லாததால், விதையால் பரவ அதற்கு வழியில்லை. அப்படியிருந்தும் நாடு முழுக்கப் பரவியது.

எப்படி? வெட்டி வீசிய துண்டுகளாலும், கட்டுமானத்துக்காக அள்ளிக் கொட்டிய மண்ணாலும், ஆற்று வெள்ளம் பிய்த்துக்கொண்டு போன கரைகளாலும். நிலத்தடித் தண்டில் ஒரு கிராமுக்கும் குறைவான துண்டு புதுச்செடியாக முளைக்கும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. கட்டைவிரல் நகத்தளவுத் துண்டுக்குள் அதன் உயிர் இருக்கிறது. ஆக, நாட்வீட் படையெடுப்பில் பெரும்பகுதி மனிதர்கள் கழிவைக் கையாண்ட விதத்தின் வரலாறுதான்.

பிரிட்டனின் சட்டங்களும் இதைப் புரிந்துகொண்டே எழுதப்பட்டன. 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி, அதை இயற்கைவெளியில் வளரச் செய்வது குற்றம். 1990-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, தோண்டியெடுத்த செடி மட்டுமல்ல, அது வளர்ந்த மண்ணும் கட்டுப்பாட்டுக்குரிய கழிவு. பதிவுபெற்ற வண்டியில், அனுமதி பெற்ற கிடங்குக்கு மட்டுமே போகவேண்டும். சொந்த நிலத்தில் புதைப்பதானால் 5 மீட்டர் ஆழம் வேண்டும். வேர் ஊடுருவாத விரிப்பில் முழுக்கப் பொதிந்திருந்தால் 2 மீட்டர் போதும் என்று வழிகாட்டி சொல்கிறது. வீடு விற்பவர்கள் நாட்வீட் பற்றிய கேள்விக்குப் படிவத்தில் பதில் எழுதியாக வேண்டும். ஒரு காலத்தில் பதக்கம் வாங்கிய செடிக்கு இன்று இதுதான் நிலை.

நூற்றுக்குத் தொண்ணூறு தண்ணீர்

ஆகாயத்தாமரையின் கதை நமக்கு அருகில் நடப்பது. அமேசான் படுகையில் பிறந்து, ஊதாப்பூவின் அழகால் உலகம் சுற்றிய செடி. இலங்கையில் 1909-லேயே அதற்கெனத் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. வங்காளத்தில் 1936-இல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டம் போட்டும் அது ஒழியவில்லை. இன்று அடையாற்றிலும், கோவைக் குளங்களிலும், தாமிரபரணியிலும் ஆண்டுதோறும் பொக்லைன் இறக்கி அள்ளுகிறார்கள். ஆண்டுதோறும் அது திரும்பி வருகிறது.

ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். காற்றடைத்துப் புடைத்த இலைக்காம்புகள். கீழே கறுத்த தூரிகை போல வேர்க்கொத்து. நடுவே இலைகளெல்லாம் சேருமிடத்தில் விரல் பருமனில் ஒரு குட்டைத்தண்டு. அங்கிருந்து பக்கவாட்டில் ஓடுதண்டு நீளும். அதன் நுனியில் குட்டிச்செடி. தாயிடமிருந்து அறுந்தால் அது தனிக்குடும்பம். வெப்பமும் சாக்கடைச் சத்தும் சேர்ந்த தண்ணீரில், இரண்டு வாரத்துக்குள் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். இலையைக் கிள்ளினாலும் வேரை அறுத்தாலும் பயனில்லை. உயிர் அந்தக் குட்டைத்தண்டில் இருக்கிறது. எந்திரத்தால் நறுக்கித் தண்ணீரிலேயே விட்டால், குட்டைத்தண்டு ஒட்டிய துண்டுகள் மீண்டும் துளிர்க்கும். மற்றவை அழுகித் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மீன்களைக் கொல்லும்.

அள்ளி எடுத்ததைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதுதான் வழக்கமான தவறு. குவியலின் மேற்பகுதி காய்ந்து சருகாகும். அடியில் ஈரத்தோடு இருப்பவை பல நாள் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையில் கரை வழிந்தால் மொத்தமும் பழைய இடத்துக்கே போய்ச் சேரும். கரையிலிருந்து தள்ளி, வெள்ளம் எட்டாத மேட்டில், மெல்லிய அடுக்காகப் பரப்பி, இரண்டொரு முறை புரட்டிக் காயவைப்பதே முறை. இதனால் இன்னொரு லாபமும் உண்டு. ஆகாயத்தாமரையின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். பச்சையாக லாரியில் ஏற்றினால் நாம் கூலி கொடுத்துச் சுமப்பது தண்ணீரைத்தான்.

காய்ந்ததை மட்கவைத்தால் நல்ல உரம். ஆனால் அதற்குமுன் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: செடி எந்தத் தண்ணீரில் வளர்ந்தது? ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன் வேரில் சேர்த்துவைக்கும் திறன் இதற்கு உண்டு. ஆலைக்கழிவு கலக்கும் ஆற்றில் அள்ளிய செடியைக் காய்கறிப் பாத்திக்கு உரமாக்குவதும், மாட்டுக்குத் தீவனமாகப் போடுவதும் அந்த உலோகத்தை நம் சாப்பாட்டுக்கே திருப்பிக் கொண்டுவரும். ஊருணியில் அள்ளியதும் கூவத்தில் அள்ளியதும் ஒன்றல்ல.

இத்தனையும் செய்தபிறகும் சேற்றுக்குள் விதை இருக்கும். 15 முதல் 20 ஆண்டுவரை முளைக்கும் திறனோடு அது காத்திருக்கும். ஒரு முறை குளத்தைச் சுத்தம் செய்துவிட்டு விழா எடுத்து முடிக்கிற வேலை இது இல்லை. அடுத்த பல ஆண்டுகளுக்கு, முதல் குட்டிச்செடி தலைகாட்டும்போதே கையால் எடுக்க ஆள் வேண்டும்.

தலைகீழாகக் கிடத்திய புதர்

உண்ணிச்செடி 1800-களின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வேலி அழகுக்காக வந்தது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியக் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் அது பரவியிருக்கிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மானுக்கும் காட்டெருமைக்கும் உரிய புல் முளைக்கவேண்டிய இடத்தை அதன் முட்புதர் அடைத்துக்கொண்டிருக்கிறது.

வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். கொளுத்தினாலும் அப்படியே. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் இதற்கு ஒரு வழி கண்டு 2009-இல் வெளியிட்டார்கள். துளிர்க்கும் மொட்டுகளெல்லாம் தண்டும் வேரும் சேருமிடத்தில் ஒரு சிறு பகுதிக்குள் அடங்கியிருப்பதை அவர்கள் கவனித்தார்கள். அந்தப் பகுதிக்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரைக் கொத்தி அறுக்கவேண்டும். பிறகு புதரை அப்படியே தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கிடத்தவேண்டும். துளிர்க்கும் இடம் மண்ணைத் தொடாமல் வெயிலில் காய்ந்து செத்துவிடும்.

மருந்து தெளிக்கவேண்டாம், மண்ணைப் பெரிதாகக் கிளறவேண்டாம், செடியை எங்கும் சுமந்துபோகவும் வேண்டாம். இதன் பழத்தைத் தின்ற பறவைகள் உட்காரும் மரத்தடிகளில் நாற்று முளைக்கிறதா என்று அடுத்த சில ஆண்டுகள் பார்த்து எடுத்துவிட்டு, உள்ளூர்ப் புல்லை வளர்க்கவேண்டும். செடியின் உடலமைப்பை உற்றுப் பார்த்ததால் கிடைத்த அறிவு இது. வீட்டு வேலியோரம் நிற்கும் உண்ணிச்செடிக்கும் இதே முறை பொருந்தும். பழம் பிடித்த கொத்துகளை மட்டும் முதலில் வெட்டிப் பையில் கட்டிவிடவேண்டும். வெட்டியதைத் தெருவோரம் போடவே கூடாது. இதன் இலையில் உள்ள நச்சு கால்நடைகளின் கல்லீரலைக் கெடுக்கும். தெருவோரக் குவியலை மேயும் மாடுகள் இல்லாத ஊர் நம்மிடம் குறைவு.

இலையே விதையாகும்போது

ரணகள்ளியை நம் கிராமங்களில் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்பார்கள். ஓர் இலையைப் பறித்து நூலில் கட்டித் தொங்கவிட்டால், விளிம்பின் ஒவ்வொரு பல்லிடுக்கிலிருந்தும் வேரும் இலையுமாகக் குட்டிச்செடி எட்டிப்பார்க்கும். மண் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடியும் அதன் உறவினங்களும் வெப்பநாடுகள் பலவற்றில் களையாகிவிட்டன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், இதன் நெருங்கிய இனம் ஒன்றை மேய்ந்த மாடுகள் இதயம் பாதிக்கப்பட்டுச் சாகின்றன.

ஆகாயத்தாமரைக்குச் சொன்ன வைத்தியம் இதற்கு உதவாது. ரணகள்ளியின் தடித்த இலை தண்ணீரைச் சேர்த்துவைத்திருக்கும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். வெயிலில் போட்டாலும் வாரக்கணக்கில் சாகாது. அதற்குள் குட்டி போட்டுவிடும். இதற்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பைதான் சரி. உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, பையில் போட்டு இறுகக் கட்டி, மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டால் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் உள்ளேயே வெந்து அழுகிவிடும். கூழான பிறகு உரக்குழியில் சேர்க்கலாம்.

வெடேலியாவுக்கு உயிர் கணுவில். மண்ணைத் தொடும் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். புல்வெட்டும் எந்திரத்தை அதன்மேல் ஓட்டினால் நூறு நாற்றுகளைத் தூவியதற்குச் சமம். கொடியாகச் சுருட்டி எடுத்து, வெறும் மண்ணில் படாமல் சிமெண்ட் தரையிலோ தார்ப்பாயிலோ போட்டு, ஒடித்தால் சட்டென்று முறியும்வரை உலர்த்தவேண்டும்.

உரக்குழியும் நெருப்பும்

‘எல்லாவற்றையும் உரமாக்கிவிடலாமே’ என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் விதைகளும் கிழங்குகளும் சாக, குவியலின் உள்ளே 55 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் பல நாள் நீடிக்கவேண்டும். வெளிப்புறம் உள்ளே போகும்படி பலமுறை புரட்டவும் வேண்டும். ஒழுங்காக நடத்தப்படும் பெரிய உரக்கூடங்களில் இது நடக்கும். வீட்டுத் தொட்டியிலோ கொல்லைக் குழியிலோ பெரும்பாலும் நடக்காது. அங்கே மட்கியதாக நினைத்துத் தொட்டிகளுக்குப் போடும் உரத்தோடு விதையும் சேர்ந்து போகும். ஆகவே முதலில் கொல்வது, பிறகு மட்கவைப்பது என்ற வரிசை மாறக்கூடாது. பார்த்தீனியம் போல விதையால் மட்டுமே பரவுபவற்றைப் பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கினால் தாராளமாக உரமாக்கலாம். பூத்துவிட்டால் பைதான்.

கொளுத்துவது எளிதாகத் தோன்றும். பச்சைச்செடி எரியாமல் புகையும். நாட்வீட்டின் நிலத்தடித் தண்டு நெருப்பிலும் தப்பிப் பிழைக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் வழிகாட்டிகளே எச்சரிக்கின்றன. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவைப் பொது இடத்தில் வீசுவதையும் எரிப்பதையும் தடைசெய்தன. அதைத் தனியாகச் சேர்த்துவைத்து உள்ளாட்சி அமைப்பு சொல்லும் முறையில் ஒப்படைக்கச் சொன்னன.

ஒரு தொட்டித் தண்ணீர்

1984-இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அடியில், கடலுக்குள் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பில் கௌலெர்பா பாசி காணப்பட்டது. மீன்தொட்டிகளின் அழகுக்காக வளர்க்கப்பட்ட, குளிரையும் தாங்கும் வகை அது. அப்போது ஓர் ஆள் ஒரு பகலில் அள்ளி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. 2000-ஆம் ஆண்டுக்குள் மத்தியதரைக் கடலின் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் அது பரவிவிட்டது.

அதே 2000-இல் கலிஃபோர்னியாவின் அகுவா எடியோண்டா காயலில் இந்தப் பாசியைக் கண்டார்கள். இம்முறை உடனே செயல்பட்டார்கள். நீருக்கடியில் ஒவ்வொரு திட்டையும் தார்ப்பாயால் மூடி, ஓரங்களை இறுக்கி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். துண்டு ஒன்றுகூட மிதந்து போகாதபடி இருந்த இடத்திலேயே கொன்றார்கள். 2006-இல் அது முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். மீன்தொட்டிப் பாசி ஒன்றைத் திருப்பி எடுக்க ஆன விலை அது.

காகிதமும் யானையும்

அளவு பெரிதாகும்போது பிடுங்கியதை என்ன செய்வது என்ற கேள்வியும் பெரிதாகிறது. அழகுக்கும் நிழலுக்கும் நட்ட மஞ்சள் கொன்றை மரம் இன்று நீலகிரிக் காடுகளில் அடர்ந்து நிற்கிறது. வெட்டினால் மறுபடி துளிர்ப்பதால், நாற்றை வேரோடு பிடுங்கவும் பெரிய மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துக் காயவிடவும் வேண்டியிருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு, அந்நியக் களைத்தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கெனத் தனிக்கொள்கை வெளியிட்டது. முதுமலையில் அகற்றிய மஞ்சள் கொன்றை, கரூர் மாவட்டத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழ்மரமாகப் போனது. கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளை வேகவைத்து வளைத்து முழு அளவு யானைகளை உருவாக்கினார்கள். 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் சோலிகர் பழங்குடியினர் அதே தண்டில் நாற்காலி முடைகிறார்கள்.

இவை வரவேற்க வேண்டிய முயற்சிகள். ஆனால் பயன்பாடு என்பது அகற்றும் செலவை ஈடுகட்டும் வழியாகவே இருக்கவேண்டும். விலை கிடைக்கிறதென்று அந்தச் செடியை யாராவது புதிதாக நட ஆரம்பித்தால், அல்லது அடுத்த ஆண்டுக்கு வேண்டுமென்று வேரை விட்டுவைத்தால், வேலை தலைகீழாகிவிடும்.

வீட்டில் தோட்டமோ மீன்தொட்டியோ வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்வது இது. மண்வெட்டியை எடுப்பதற்கு முன் அந்தச் செடி எந்தப் பகுதியால் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காயவைப்பதா, பையில் கட்டுவதா என்பதை அதைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டிய மண்ணை அங்கேயே உதறிவிட்டு நகருங்கள். மீன்தொட்டிச் செடிகளை நன்றாக உலர்த்திக் கொன்றபிறகே குப்பையில் போடுங்கள். எந்தச் செடியையும், எந்த மீனையும், உயிரோடு குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள்.